நமக்குள்ள என்ன பில்லு

எங்கள் வீட்டு மாப்பிள்ளையிடம் பில் வாங்குவது எனக்கு அசிங்கமாகப் பட்டது. வந்த வினை எல்லாம் அதிலிருந்துதான்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கச்சி மாரீஸ்வரியின் வீட்டுக்காரர் கர்ணனை. சின்னமனூரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். மதுரையில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து சொந்தமாக ஆரம்பித்தது. மாரீஸ்வரி பி.காம். படித்தவள். ஒர்க்‌ஷாப்பில் பில் போடுவது, சாமான் வரவழைப்பது எல்லாம் அவள்தான். நான் முத்துப்பாண்டி. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். வயது ஐம்பத்தொன்று ஆகிறது.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு டீசல் கார் புதிதாக வாங்கினேன். மூன்று வருட வாரன்டி. முதல் சர்வீஸைத் தேனியில் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்தேன். அடுத்தது இருபதாயிரம் கிலோமீட்டரில் வந்தது. தேனி வரை போய் அரை நாள் உட்கார்ந்திருக்க முடியாது, தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து நடக்கிறது என்று வண்டியை மாப்பிள்ளையிடம் விட்டேன்.

சாயங்காலம் மனைவியோடு வண்டியை எடுக்கப் போனேன். அங்கே நாலைந்து பேர் வண்டிக்காக நின்றிருந்தார்கள். மாரீஸ்வரி பில்லை நீட்டினாள்.

"என்ன ஆத்தா இது?"

"பில்லுண்ணே. ஆயில் கிரேடு, ஃபில்டர் நம்பர், எத்தன கிலோமீட்டர்ல மாத்துனோம், எல்லாம் இருக்கு. பத்திரமா வையி."

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் நின்றவர்கள் பார்க்கிறார்கள். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய், கடையில் சாமான் வாங்கியவன் மாதிரி பில்லை வாங்கிப் பையில் வைப்பதா? சத்தமாகவே சொன்னேன். "ஏன் ஆத்தா, பில்லு போட்டு நீட்டுற அளவுக்கு நான் அந்நியமாப் போனேனா? நமக்குள்ள என்ன பில்லு? இதெல்லாம் ஊரானுக்குக் குடுக்கிறது."

நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அப்ப எங்களயெல்லாம் ஊரான்றீகளா?" என்றார். அது எனக்கு இன்னும் குஷியாகப் போய்விட்டது.

கர்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மச்சான், இது காசுக்கு இல்ல. வெளிய சர்வீஸ் பண்ணாலும் வாரன்டி நிக்கும். ஆனா கம்பெனிக்காரவுக சொன்ன ஆயிலு, அவுக சொன்ன கிலோமீட்டர்ல மாத்துனதுக்கு எழுத்துல ஆதாரம் வேணும். நாளைக்கு எதாச்சும் ஒண்ணுன்னா இதத்தான் கேப்பாக."

"ஒண்ணும் ஆகாது மாப்ள. உங்க கை பட்ட வண்டிக்கு என்ன ஆகும்?" என்று பில்லை மடித்து அவர் சட்டைப் பையிலேயே சொருகினேன். அவர் செய்த வேலைக்கு உள்ள பணத்தை ஒரு கவரில் போட்டு, ஒரு பெட்டி திராட்சைக்கு மேல் வைத்து மாரீஸ்வரி கையில் கொடுத்தேன். கூலியாக இல்லாமல் சீர் மாதிரி. அன்றைக்கு அது பெரிய மனிதத்தனமாகத் தெரிந்தது.

முப்பதாயிரத்திலும் இதே கதை. நாற்பதாயிரத்திலும் இதே கதை. மூன்றாவது தடவை மாரீஸ்வரி பில்லை நீட்டவே இல்லை. மேஜை மேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் திராட்சைப் பெட்டியை அதன் மேல் வைத்தேன்.

போன மாசி மாதம் நானும் என் மனைவி அனுசுயாவும் குமுளியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது வண்டிக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். இரண்டு வளைவு போனதும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் நீலப் புகை. அனுசுயாவைக் குமுளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் தேனி சர்வீஸ் சென்டரில் சேர்த்தேன்.

என்ஜினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கிற டர்போ போய்விட்டது என்றார்கள். வாரன்டியில் வராவிட்டால் என் கையிலிருந்து லட்சத்துக்குப் பக்கத்தில் ஆகும் என்றார்கள். அது பூப்பிடிக்கும் நேரத்தில் மழை பெய்து குலையெல்லாம் உதிர்ந்த வருடம்.

சர்வீஸ் அட்வைசர் ஒரு இளம்பெண். சட்டையில் சிம்ரன் என்று பெயர் எழுதியிருந்தது. நிதானமாகப் பேசுகிற பிள்ளை.

"சார், முதல் சர்வீஸ் நம்மகிட்ட பண்ணிருக்கீங்க. அதுக்கப்புறம் வண்டி வரவே இல்லையே?"

"வெளிய பண்ணேன்."

"வெளிய பண்ணா தப்பில்ல சார். பில்லு இருக்கா? டர்போங்கிறதால ஆயில் என்ன போட்டாக, எப்ப மாத்துனாகன்னு கம்பெனில கண்டிப்பா கேப்பாக."

அந்த ஹால் முழுக்க ஏசி. வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் காபி குடித்துக்கொண்டு செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், பில்லைக் கொடுத்தார்கள், நான்தான் வேண்டாம் என்று பையில் திருப்பிச் சொருகினேன் என்று எப்படிச் சொல்வது? பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களே என்று இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"எத்தனையோ தடவ கேட்டேம்மா. குடுக்க மாட்டேன்னுட்டான்."

குடுக்க மாட்டேன்னுட்டான். நான் மாப்பிள்ளையை அதுவரை 'ன்' போட்டுப் பேசியதே இல்லை.

சிம்ரன் வருத்தப்பட்டாள். "பாவம் சார் நீங்க. அப்ப நான் இப்பிடி எழுதிக்கிறேன். வெளி ஒர்க்‌ஷாப்பில் பில் கேட்டும் தரவில்லை. சரியா சார்? ஏழு நாள் டைம் இருக்கு. எப்பிடியாச்சும் அவங்ககிட்ட டூப்ளிகேட் வாங்கப் பாருங்க." நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் திரும்பினார். பெயர் அஜய்குமார், பண்ணைப்புரம் பக்கம், கேபிள் தொழில். நம் மாவட்டத்தில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு முகநூலில் ஒரு குழு நடத்துகிறார். நானும் அதில் உண்டு, மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி.

"அண்ணே, இத குரூப்புல போடுங்கண்ணே. நாலாயிரம் பேரு இருக்காக. நீங்க பட்டது பட்டீக, மத்தவனாச்சும் தப்பிக்கட்டும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். வெளி ஒர்க்‌ஷாப்பை நம்பி என் வாரன்டி போகப்போகிறது, கேட்டும் பில் தரவில்லை, உஷாராக இருங்கள் என்று. பெயர் போடவில்லை. அது ஒரு மனச்சாட்சி. ஆனால் பத்து நிமிடத்தில் கீழே கேட்டுவிட்டார்கள். எந்த ஒர்க்‌ஷாப்? பேர் சொல்லாமல் எழுதினால் என்ன பிரயோசனம்? ஒருவர், பயமா என்று கேட்டிருந்தார்.

கர்ணன் ஆட்டோ, சின்னமனூர் என்று எழுதினேன்.

தேனியிலிருந்து ஓடைப்பட்டிக்கு பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் முந்நூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாத ஆட்கள் எல்லாம் என் பக்கம் நின்று திட்டினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைப் படிக்கும்போது நிஜமாகவே நான் பில் கேட்டு அவர் மறுத்த மாதிரி ஒரு கோபம் வந்தது எனக்கு.

அனுசுயா இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தாள். செல்லை என் முன்னால் வைத்தாள்.

"இது நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"மூணு தடவையும் நானும்தான கூட வந்தேன்? அந்தப் புள்ள பில்ல நீட்டுனத என் கண்ணால பாத்தேனே. தங்கச்சி புருசன இப்பிடி சந்தி சிரிக்க வச்சிட்டீகளே, நீங்கல்லாம் ஒரு அண்ணனா?"

"டூப்ளிகேட் வாங்கிக் குடுத்துட்டு, அப்பறம் அழிச்சிருவேன்" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

நாலாவது நாள் சின்னமனூர் போனேன். மாப்பிள்ளையும் தங்கச்சியும் குழுவில் இல்லை, பார்த்திருக்க மாட்டார்கள் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். எப்போதும் ஆறேழு வண்டி நிற்கிற இடத்தில் இரண்டுதான் நின்றது.

"வாங்க மச்சான்" என்று கர்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லி அனுப்பினார். டர்போ போனதைச் சொன்னேன். எந்த வளைவில் சத்தம் வந்தது, புகை என்ன கலர் என்று கேட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பார்க்கவில்லை போல என்று நினைத்துவிட்டேன்.

"அந்தப் பில்லு மாப்ள... டூப்ளிகேட் எதும்..."

மாரீஸ்வரி மேஜையிலிருந்து எழுந்தாள். ஒரு ஃபைலை எடுத்து என் மடியில் போட்டாள். மேலே என் வண்டி நம்பர். உள்ளே மூன்று பில்லின் அசலும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஃபில்டர் அட்டைப்பெட்டியில் நம்பர் உள்ள பக்கத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஆயில் கேனையும், வண்டி ஓடிய கிலோமீட்டரையும் போட்டோ எடுத்து, தேதியோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.

"நீ வாங்கலன்னாலும் ஒரு நாளைக்குத் தேவப்படும்னு இவுகதான் எடுத்து வைக்கச் சொன்னாக" என்றாள். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "எப்பண்ணே நீ பில்லு கேட்ட? நான் எப்பக் குடுக்க மாட்டேன்னேன்?"

"ஏய், மாரி" என்றார் கர்ணன்.

"இருங்க. பில்லு போடுறது நீங்களா? நான். அந்தச் சொல்லு எனக்குத்தான். நாலு நாளா போனை எடுக்கவே பயமா இருக்கு. வண்டி விட்டிருந்தவுக எல்லாம், எங்க பில்ல ஒரு தடவ செக் பண்ணிருங்கன்றாக. நான் என்ன டுபாக்கூரா?"

"இப்பவே அழிச்சிடுறேன் ஆத்தா" என்று செல்லை எடுத்தேன்.

"அழிக்காத! அழிச்சா, நாங்க மெரட்டி அழிக்க வச்சோம்பாக. கெடக்கட்டும்."

அந்த நேரத்தில்தான் ஜஸ்டின் வந்தார். குமுளியில் டூரிஸ்ட் வண்டி விடுகிற மலையாளி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். நாலு வண்டி வைத்திருக்கிறார், நாலும் வாரன்டியில் உள்ளது. நாலுக்கும் கர்ணனிடம்தான் சர்வீஸ். மலைக்கு மேலே இருந்து ஒருத்தர் சின்னமனூர் வரை வண்டி அனுப்புகிறார் என்றால் காரணம் ஒன்றுதான், இங்கே போடுகிற பில் கம்பெனியில் செல்லும். மாப்பிள்ளையின் தொழிலே அந்தப் பில்லின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது.

"எந்தா கர்ணா இது? ஒரு கஸ்டமருக்கு பில்லு கொடுக்கலன்னு எல்லாரும் பறயுது. எனிக்கு வண்டி லோன்ல ஓடுது, கேட்டோ. நாளைக்கு என் டர்போ போனா யாரு பதில் சொல்லும்?"

"உங்களுக்கு எல்லா பில்லும் குடுத்திருக்கேன் சேட்டா."

"எனிக்குக் கொடுத்து. சரி. அந்த ஆளுக்கு ஏன் கொடுத்தில்ல? அத மட்டும் சொல்லு."

என் மடியில் ஃபைல். கையில் டீ. மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். கர்ணன் என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

"ஒரு சின்ன மனஸ்தாபம் சேட்டா. சரியாயிரும்" என்றார்.

ஜஸ்டின் என் பக்கம் திரும்பி, "இது ஆரு?" என்றார்.

"என் மச்சான். மாரியோட அண்ணன்."

ஜஸ்டின் எனக்கு வணக்கம் சொன்னார். நானும் வணக்கம் சொன்னேன். டீயைக் குடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஜஸ்டின் தன் வண்டிகளின் பேப்பரையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வர வேண்டிய இரண்டு வண்டியும் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஜீப் திரும்புகிற வரைக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாரீஸ்வரி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஃபைலோடு தேனியில் நின்றேன். சிம்ரன் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். ஒட்டியிருந்த அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"சார், இவ்வளவு நீட்டா நாங்களே வைக்க மாட்டோம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு சார். குடுக்க மாட்டேன்னாகன்னு நீங்க கையெழுத்துப் போட்டு மேல போயிருச்சு. கேட்டப்பக் குடுக்காதவங்க இப்ப மூணையும் ஒண்ணாக் குடுத்தா, கிளைம் பாக்குறவங்க என்ன நெனப்பாக? உக்காந்து எழுதுன பில்லும்பாக. இந்த ஒர்க்‌ஷாப் பேர்லயே ஒரு ரிமார்க் விழுந்துரும். அப்பறம் வேற யாரு இவங்க பில்லக் கொண்டாந்தாலும் கஷ்டம்."

நல்ல பில்லை நானே கள்ளப் பில்லாக்கியிருக்கிறேன்.

"என்னம்மா பண்ணனும்?"

"எது உண்மையோ அத எழுதிக் குடுங்க சார்" என்றாள். அந்தப் பிள்ளை என்னைக் குத்திச் சொல்லவில்லை. வழியைத்தான் சொன்னாள். ஆனால் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளிய விதத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

எழுதினேன். அவர்கள் மூன்று தடவையும் பில் கொடுத்தார்கள். சொந்தக்காரரிடம் பில் வாங்குவது மரியாதை இல்லை என்று நான்தான் வாங்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, தரவில்லை என்று பொய் சொன்னேன். பெயர், ஊர், கையெழுத்து. சிம்ரன் அதைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமல், "சொந்தக்காரங்களா சார்?" என்று கேட்டாள்.

"தங்கச்சி வீட்டுக்காரரும்மா."

அவள் ஸ்கேன் எடுக்கப் போய்விட்டாள்.

அந்தத் தாளை அப்படியே போட்டோ எடுத்துக் குழுவிலும் போட்டேன். அஜய்குமார், "என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீக" என்று ஒரு வரி எழுதினார். பதினொரு பேர் விருப்பம் போட்டார்கள். பழைய பதிவை இன்னும் யார் யாரோ பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அதன் கீழேயும் போய் ஒவ்வொருவருக்கும் இதை ஒட்டினேன். யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

ஐந்து நாளில் கிளைம் பாஸாகிவிட்டது. புது டர்போ. எனக்கு ஒன்றும் செலவில்லை. சந்தோஷத்தில் மாரீஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன் ஆத்தா. குரூப்புலயும் போட்டுட்டேன். பாத்தியா?"

"பாத்தேன். டர்போ வரணும்னு எழுதுனதுதானண்ணே அது?"

"அப்பிடிச் சொல்லாத..."

"ஜஸ்டின் அண்ணன் நிக்கும்போது உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? அப்பச் சொல்லிருந்தா உனக்கு ஒண்ணும் கெடைக்காது. அதான் சொல்லல." போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. நான் உண்மையைச் சொன்ன ஒரே இடம் எனக்கு லாபம் இருந்த இடம். இரண்டு நாள் தோட்டத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பினேன். வண்டி இன்னும் கைக்கு வரவில்லை. கம்பம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து குமுளிக்கு ஒரு பஸ்.

ஜஸ்டின் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"கர்ணன்டெ மச்சானல்லே? வாங்க, இரிங்க."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "குரூப்புல எழுதுன அந்த ஆளு நான்தான். பில்லு அவுக குடுத்தாக. நான்தான் வாங்கல. பொய் சொல்லிட்டேன்."

"அன்னிக்கு அங்கன உக்காந்து சாயா குடிச்சது நீங்கதான?"

"ஆமா."

"ஞான் அத்தன கேள்வி கேட்டப்போ?"

"ஆமா."

"கர்ணன் ஒரு வார்த்த சொல்லலையே உங்களப் பத்தி." தலையை ஆட்டிக்கொண்டார். "கொள்ளாம். நல்ல மச்சான்." எங்கள் இரண்டு பேரில் யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"ரெண்டு வண்டி கம்பத்துல வேற ஆளுக்குச் சொல்லியாச்சு. வாக்குக் கொடுத்து, அது மாத்த முடியாது. பாக்கி ரெண்டும் கர்ணனுக்கு அனுப்பறேன்." அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "கர்ணா, நின்டெ மச்சான் இவிட வந்திருக்காரு. எல்லாம் பறஞ்சு."

அந்தப் பக்கம் ஸ்பேனர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"பஸ்ஸுலயா வந்தாக?" என்றார் கர்ணன். "வெறும் வயித்தோட வந்திருப்பாக சேட்டா. சுகர் உள்ள ஆளு. சாப்ட்டாகளான்னு கேளுங்க."

ஜஸ்டின் போனை என் பக்கம் நீட்டினார்.

"சாப்ட்டேன் மாப்ள" என்றேன். பழக்கம், தானாக வந்துவிட்டது. ஜஸ்டின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்தேன், ஆனால் துடைக்கவில்லை.

"இல்ல மாப்ள" என்றேன். "சாப்புடல."